சனிக்கிழமைப் புதிர்

1 ஜூலை 2024, திங்கள்

மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் வரும் செய்திகளைச் சரிபார்ப்பது எப்படி என்று எல்லாக் கிளை நூலகங்களும் இந்த மாதத்துக்குள் வாசகர்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டுமாம். வருகைப் பட்டியல், நான்கு புகைப்படம், இரண்டு பக்க அறிக்கை. மின்விசிறி ஓடவில்லை என்று மூன்று கடிதம் எழுதினேன், அதற்கு ஒரு வரி பதில் கிடையாது. இதற்கு மட்டும் ஆளும் இருக்கிறது, தாளும் இருக்கிறது.

கீழத்தேரிக் கிளை நூலகத்தில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். நூலகரும் நான்தான், தூசி தட்டுகிறவளும் நான்தான். அடுத்த மே மாதம் ஓய்வு. என் பணிப் பதிவேட்டில் இதுவரை ஒரு கரும்புள்ளி கிடையாது. அப்படியே போய்ச் சேர்ந்தால் போதும்.

பயிற்சிக்கு ஆள் வருவார்களா என்பதுதான் கேள்வி. "கீழத்தேரி வாசகர் வட்டம்" என்று நான் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்திமூன்று பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அதில் ஒரு புதிர் போடுவேன், ஞாயிறு மாலை விடை சொல்வேன். ஒரு நாவலின் முதல் வரியைக் கொடுத்துப் பெயரைக் கேட்பேன், ஓர் ஊரின் பழைய பெயரைக் கொடுத்து இன்றைய பெயரைக் கேட்பேன். என் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பத்துப் பேராவது பதில் போட்டால்தான் விடை வரும். போடவில்லையென்றால் வாயே திறக்க மாட்டேன். ஒரு தடவை பதினோரு நாள் காக்க வைத்தேன். கெஞ்சினார்கள். அந்தப் பதினோரு நாளும் நன்றாகத்தான் இருந்தது.

7 ஜூலை, ஞாயிறு

வாசகர் வட்டக் கூட்டம். வந்தது பதினோரு பேர். அதில் ஒருவர் அருளப்பன். பக்கத்து ஊர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். குழந்தைகளுக்கான பழைய படப் புத்தகங்களை ஒரு சிவப்புப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டில் பள்ளிக்கூட வாசல் வாசலாகப் போய் விற்கிறவர். மீதி நேரமெல்லாம் என் நூலகத்தில்தான் இருப்பார். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று எனக்கே பாடம் எடுப்பார்.

பயிற்சியைப் பற்றி நான் அறிவித்து முடிக்கவில்லை, மனுஷன் எழுந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். போன வாரம் நீங்க ஒண்ணு போட்டீங்கள்ல, வானத்துலருந்து கதிர்வீச்சு வருது, போனைப் பக்கத்துல வச்சிக்கிடாதீங்கன்னு. அது பத்து வருசமாச் சுத்துது. போன வருசமும் இதே தேதி போட்டுத்தான் வந்துச்சு. நீங்க போட்டதால எல்லாரும் நம்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரி போனைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டா."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? நல்லெண்ணத்தில் ஒரு எச்சரிக்கையைப் பகிர்ந்தால் அதற்கு இப்படி ஒரு சபை மரியாதை.

வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். மூன்று தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக் குப்பையில் போட்டேன்.

9 ஜூலை, செவ்வாய்

அருளப்பன் வந்து, பதிவேட்டிலிருந்து கழித்துக் கட்டி வைத்திருக்கும் கிழிந்த படப் புத்தகங்களைக் கேட்டார். ஒட்டித் தைத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பாராம். விதியில் இடமில்லை என்றேன். இருக்கிறது. அது வேறு விஷயம்.

12 ஜூலை, வெள்ளி

வார விடுமுறை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள், தைலம் தேய்க்கச் சொன்னாள். அங்கிருந்து சொல்வது சுலபம்.

18 ஜூலை, வியாழன்

பயிற்சி முடிந்தது. ஒன்பது பேர். வருகைப் பட்டியலில் இருபத்தாறு கையெழுத்து இருக்கிறது. நாளிதழ் படிக்க வந்தவர்களும் வாசகர்கள்தானே.

முதல் வரிசையில் பேச்சித்தாய். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். நாற்பது தாண்டியபிறகு படிக்கும் ஆசை வந்து தினமும் இங்கே வருகிறாள். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து, நான் இருமினால்கூட எழுதிக்கொண்டாள். நான் மூன்று விதி சொன்னேன். யார் சொன்னது என்று பார். எப்போது, எங்கே என்று பார். அப்போதும் உறுதியாகத் தெரியாவிட்டால் நாலு பேரிடம் கேள்.

"நாலு பேருன்னா யார்ட்ட மேடம் கேக்க?" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்கட்ட. அக்கம்பக்கத்துல. கேக்கிறதுல என்ன வெக்கம்?"

அதையும் எழுதிக்கொண்டாள்.

அருளப்பன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "நல்லாச் சொன்னீங்க மேடம்" என்றார். அந்தப் பானைச் சிரிப்பு இன்னும் அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன்.

20 ஜூலை, சனி

இந்த வாரப் புதிர் என் வாழ்நாளில் நான் செய்த புதிர்களிலேயே சிறந்தது என்று கூசாமல் சொல்வேன். ஒரு பொய்ச் செய்தியை நானே தயாரித்தேன். இதில் எத்தனை தப்பு என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன்.

"எச்சரிக்கை! நம் பகுதியில் பிள்ளை பிடிக்கும் கும்பல் நுழைந்துள்ளது. படப் புத்தகம் தருவதாகச் சொல்லிக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் இந்த நபரை எங்கே கண்டாலும் விடாதீர்கள். அருகிலுள்ள ஊரில் இரண்டு குழந்தைகளைக் காணவில்லை. சிவப்புப் பை வைத்திருப்பான். கேட்டால் நூலகத்தைச் சேர்ந்தவன் என்பான், நம்பாதீர்கள். காவல்துறைத் தகவல். உங்கள் வீட்டிலும் குழந்தை இருந்தால் உடனே அனைவருக்கும் பகிரவும்."

ஐந்து தப்பு ஒளித்திருக்கிறேன். தேதி இல்லை. ஊர்ப்பெயர் இல்லை. எந்தக் காவல் நிலையம் என்று இல்லை. உடனே பகிரச் சொல்கிறது. ஐந்தாவது படத்திலேயே இருக்கிறது. பின்னால் நம் நூலகத்து அலமாரி தெரிகிறது. பிள்ளை பிடிக்கிறவனுக்கு நூலகத்தில் என்ன வேலை?

செய்தி என்றால் படம் வேண்டும். பயிற்சிக்கு எடுத்த படங்களில் ஒன்றில் அருளப்பன் சிவப்புப் பையோடு அலமாரிப் பக்கம் திரும்பி நின்றார். முகம் பாதிதான் தெரிகிறது. அதைப் போட்டேன். நாளை மாலை விடை சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். சிரிக்கத் தெரிந்தவர்தானே.

எழுத்தும் படமும் ஒரே தாளாக வரும்படி ஒட்டி, 8.40க்குக் குழுவில் போட்டேன். புதிர் என்று மேலே எழுதவில்லை. சனிக்கிழமை வந்தால் புதிர்தான் என்று தெரியாதா என்ன? எழுதினால் சுவாரசியம் போய்விடும்.

21 ஜூலை, ஞாயிறு

மாலை ஐந்து மணி. நான்கு பதில். அதிலும் இரண்டு கைகூப்பும் பொம்மை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியதற்கு நான்கு. இதே குழுவில் எவனோ காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் போட்டால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். விடை போடப் போவதில்லை. காத்திருக்கட்டும்.

மத்தியானம் பேச்சித்தாய் போன் செய்தாள். குரலில் ஒரு பதற்றம்.

"மேடம், நீங்க போட்டது நெசமா? எங்க தெருவுல பூராவும் சின்னப் பிள்ளைய மேடம்."

"நான் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு, பேச்சித்தாய்? நோட்டுல எழுதினீங்கள்ல, அது எதுக்கு? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"பாத்தேன் மேடம். ஒண்ணு ரெண்டு இடிக்கி. ஆனா பிள்ளைய விசயம்லா, தப்பாயிட்டுன்னா?"

"அப்பன்னா நாலு பேர்ட்ட கேளுங்க."

சரி மேடம் என்று வைத்தாள். படிக்கிறவளுக்கு வாத்தியார் விடையை ஊட்டிவிடக் கூடாது.

22 ஜூலை, திங்கள்

காலையில் சிலிண்டர் வந்தது. நெத்திலி வாங்கினேன், பாதி மணல். பதில் ஏழு ஆகியிருக்கிறது. இன்னும் மூன்று.

நாலேகாலுக்கு அருளப்பன் போன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும். மூன்று தடவை. கழித்த புத்தகத்துக்குத்தான் இருக்கும், இல்லையென்றால் புதிரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள. நான் புதிதாக வந்த பருவ இதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மாலை ஆறரை. நாளிதழ் படிக்க வரும் ஓய்வு பெற்ற போஸ்ட்மேன் உள்ளே வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளை பிடிக்கிறவனைப் பிடித்துவிட்டார்களாம். மின்கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். தலையில், முகத்தில், எல்லா இடத்திலும். மொபெட்டைக் கொளுத்திவிட்டார்களாம். போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆனதாம்.

"நூலகத்து ஆளு, வேணும்னா கேளுங்கன்னு கத்திருக்கான். அதான் மெசேஜ்லயே போட்டிருக்கே, கேட்டா அப்படித்தான் சொல்லுவான்னு" என்றார் போஸ்ட்மேன். தன் போனையும் காட்டினார். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

ஏழு மணிக்கு நூலகத்தைப் பூட்டினேன். குழுவில் வேண்டாத பதிவுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அட்மின் என்ற முறையில் கொஞ்சம் சுத்தம் செய்தேன். கையில் நெத்திலி நாற்றம் எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

23 ஜூலை, செவ்வாய்

நாளிதழ் ஆறாம் பக்கம். "வதந்தியை நம்பிப் புத்தக வியாபாரி மீது தாக்குதல். உயிருக்குப் போராட்டம்." பெயர் போட்டிருந்தார்கள். எத்தனை பயிற்சி நடத்தினாலும் நம் ஜனங்களுக்குப் புத்தி வராது. ஒரு செய்தி வந்தால் யார், எப்போது, எங்கே என்று பார்க்க வேண்டாமா? அவ்வளவு தெளிவாகத் தப்புகள் இருந்தும் ஒருவனுக்கும் கண் தெரியவில்லையே. அடித்தவர்கள் முப்பது பேராம். நான் அந்த ஊர் எல்லையைக்கூட மிதிக்கவில்லை.

குழுவில் அறுபத்திமூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருமே எங்கேயாவது அனுப்பியிருப்பார்கள் போல. ரோஜாப்பூக்காரனையும் காணோம்.

24 ஜூலை, புதன்

திறந்தவுடன் பேச்சித்தாய் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மேடம், நம்ம அருளப்பண்ணனாம் மேடம்."

"பேப்பர்ல பாத்தேன்."

"நீங்க சொன்னீங்கள்ல, நாலு பேர்ட்ட கேளுன்னு. எங்க தெருக் குழுவுல அதைப் போட்டு, இது நெசமா, யாருக்காவது தெரியுமான்னு கேட்டேன் மேடம். கேக்கத்தான் செஞ்சேன். அவங்க என் கேள்வியை விட்டுட்டு அந்தத் தாளை மட்டும் எடுத்து அனுப்பிட்டாங்க. பாதி முகந்தான தெரியுது, அது அண்ணன்னு எனக்குத் தட்டவே இல்ல மேடம். அந்தப் பை எத்தனை தடவை பாத்த பை!"

தலையில் அடித்துக்கொண்டாள். வாசிப்பறையில் ஆள் இருக்கிறது, மெதுவாகப் பேசுங்கள் என்றேன்.

"போலீஸ்ல தெருத் தெருவா விசாரிக்காங்களாம். கேட்டா நீங்க வந்து சொல்லிருவீங்கள்ல மேடம்? பாடத்துக்காகப் போட்டது, பேச்சித்தாய் கேள்விதான் கேட்டான்னு? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பாத்துக்கலாம்" என்றேன். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாத்துக்கலாம் என்று மட்டும்தான் சொன்னேன்.

26 ஜூலை, வெள்ளி

பேச்சித்தாயைக் கூட்டிப்போய்விட்டார்களாம். போர்வை, தலையணை உறையெல்லாம் துவைத்தேன்.

27 ஜூலை, சனி

காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தார், போனேன். வாசல் பெஞ்சில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் கட்டிய சேலை. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, பக்கத்தில் நின்ற பெண் போலீசிடம், "எங்க மேடம் வந்துட்டாங்க" என்றாள். அவள் முகம் எப்படித் தெளிந்தது என்பதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உள்ளே எஸ்.ஐ. நாற்காலி போடச் சொன்னார். அரசு ஊழியருக்கு மரியாதை தெரிந்தவர்.

"அந்தம்மா நூலகக் குழுவுலருந்துதான் வந்துச்சுங்காங்க. அதைத் தொறந்தா சனிக்கிழமை உள்ள பதிவு ஒண்ணு நீக்கியிருக்கு. நீங்கதான் நீக்கியிருக்கீங்க."

"ஆமா சார். சனிக்கிழமை ஒரு புதிர் போடுவேன். அதுல தப்பு இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"என்ன புதிர்?"

"ஒரு நாவலோட முதல் வரி."

எழுதிக்கொண்டார். எந்த நாவல் என்று கேட்பார் என நினைத்து ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யார் நாவலைப் பற்றிக் கேட்கிறார்கள்? தப்பு இருந்தது என்று நான் சொன்னது பொய்யும் அல்ல. ஐந்து இருந்தது.

"படம் உங்க நூலகத்துல எடுத்த மாதிரி இருக்கே மேடம்?"

"பொது இடம் சார். வாறவங்க போறவங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. யார் எடுத்தாங்கன்னு நான் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

"அந்தம்மா அடிக்கடி வருவாங்களா?"

"தினமும் வருவாங்க."

அது உண்மைதானே. தினமும் வருகிறவள்தான். கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது பேச்சித்தாய் மறுபடி எழுந்தாள். "சொல்லிட்டீங்களா மேடம்?" என்றாள். வெயில் உச்சியில் இருந்தது, குடை எடுத்துப் போகவில்லை. வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

28 ஜூலை, ஞாயிறு

இந்த வாரம் புதிர் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

5 ஆகஸ்ட், திங்கள்

மாவட்ட அலுவலகத்தில் மாதாந்திரக் கூட்டம். எல்லாக் கிளை அறிக்கைகளிலும் என்னுடையதுதான் சிறந்தது என்று அலுவலர் எல்லார் முன்னாலும் சொன்னார். "கீழத்தேரி பக்கத்துலயே இப்படி ஒரு கொடுமை நடந்திருக்கு. இந்தப் பயிற்சி எவ்வளவு அவசியம்னு இப்பத் தெரியுதா? சொர்ணம் மேடம், மத்த கிளைகளுக்கும் நீங்களே வந்து வகுப்பு எடுக்கணும்" என்றார். கை தட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கைதட்டல்.

வகுப்பில் அருளப்பன் விஷயத்தையே உதாரணமாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பெயரைச் சொல்லாமல்.

17 ஆகஸ்ட், சனி

பேச்சித்தாய் ஜாமீனில் வந்திருக்கிறாள். இளைத்துவிட்டாள். ஊரில் ஒருவரும் அவளிடம் துணி கொடுப்பதில்லையாம். தைக்கக் கொடுத்திருந்த துணியைக்கூட வெட்டினபடியே திரும்ப வாங்கிப் போய்விட்டார்களாம். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தாள்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மேடம். வக்கீல்ட்டகூடச் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்தப் படம் நீங்க போட்டதுதான? நாந்தான் உண்டாக்குனேன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மேடம். மண்டைக்குள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க போட்டதுதானன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க, போயிடுதேன்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனால் இன்று ஒருவாட்டி சொன்னது நாளை கோர்ட்டில் வந்து நிற்கும். எனக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

"எந்தப் படம், பேச்சித்தாய்?" என்றேன்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தாள். "இனி எனக்கு இது எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனபிறகு பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஜூலை 21 தேதி போட்டு எழுதியிருந்தாள். "தேதி இல்ல. ஊர் பேர் இல்ல. எந்த ஸ்டேசன்னு இல்ல. உடனே அனுப்புன்னு அவசரப்படுத்துது. நாலு பேர்ட்ட கேட்டாச்சு, யாருக்கும் தெரியல. பொய்னுதான் தோணுது. நாளைக்கு மேடத்துட்ட சொல்லணும்."

ஐந்துக்கு நான்கு. அறுபத்திமூன்று பேரில் அவள் ஒருத்திதான் சரியாகச் செய்திருக்கிறாள். பழைய தாள் கட்டு எடைக்குப் போகிற நாள் இன்று. நோட்டை நடுக்கட்டில் செருகிக் கயிறு போட்டேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

அருளப்பன் பிழைத்துக்கொண்டாராம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியுமாம், எழுத்துத் தெரியாதாம். போஸ்ட்மேன் சொன்னார். உயிர் தப்பியதே பெரிசு என்றேன். இன்று மூன்றாவது கிளையில் வகுப்பு எடுத்தேன். நல்ல கூட்டம். உதாரணம் சொன்னபோது ஒரு ஆசிரியை அழுதுவிட்டார்.

11 செப்டம்பர், புதன்

மாலை நாலரைக்கு அருளப்பன் வந்தார். கறுப்புக் கண்ணாடி, நெற்றியிலிருந்து காது வரை தையல். மனைவி பாக்கியம் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அந்த அம்மாளை இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதாம், தானே சொன்னார்.

அருளப்பன் நடந்து போய்ப் படப் புத்தக அலமாரியைக் கையால் தடவினார். ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். தடவிப் பார்த்தும் சரியான இடத்தில்தான் வைத்தார்.

"உங்களுக்குத்தான் மேடம் அன்னைக்குப் போன் போட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "நீங்க, இவர் நம்ம வாசகர்னு ரெண்டு வார்த்தை சொன்னா விட்டிருவாங்கன்னு நெனச்சேன். மூணு தடவை அடிச்சேன். நாலாவதுல போனைப் பிடுங்கிட்டானுவ. நீங்க வேலையா இருந்திருப்பீங்க."

"ஆமா. அன்னைக்குத் தணிக்கை" என்றேன்.

"ஒரு உதவிக்குத்தான் வந்தேன் மேடம். அந்த வாரம் என் போன்ல நெட்டு தீந்து கெடந்துச்சு, ஒண்ணும் பாக்கல. என்னயப் பத்தி என்ன எழுதியிருந்தாங்கன்னு இன்னும் எனக்குத் தெரியாது. அடிக்கும்போது ஒருத்தனும் சொல்லல. எம் மககிட்டக் கேட்டா பாதியிலயே அழுதுருதா. மத்தவங்க, அது எதுக்கு உங்களுக்குங்காங்க. எனக்குத் தெரியணும்லா? என் கண்ணுக்கு வெல வச்ச எழுத்து எதுன்னு ஒரு வாட்டி முழுசாக் கேட்டுக்கிட்டா, மனசு ஆறும். இவ தம்பி போன்ல அது இருக்கு, வாங்கிட்டு வந்திருக்கோம். நீங்கதான் நிறுத்தி நிதானமா வாசிப்பீங்க."

பாக்கியம் போனில் படத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. நூலகர் வேலையே அதுதானே.

படித்தேன். எச்சரிக்கை என்று ஆரம்பித்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. படப் புத்தகம் தருவதாகச் சொல்லி என்ற இடத்தில் அவர் தலையை லேசாக ஆட்டினார். சிவப்புப் பை என்ற இடத்தில் அவர் கை தோளுக்குப் போனது, அங்கே பை இல்லை. கேட்டால் நூலகத்தைச் சேர்ந்தவன் என்பான், நம்பாதீர்கள் என்றபோது, "ஓ" என்றார். "அதான். அதான் நான் சொல்லச் சொல்ல அடிச்சானுவளா." நான் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு மேலே படித்தேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது. காவல்துறைத் தகவல். உங்கள் வீட்டிலும் குழந்தை இருந்தால் உடனே அனைவருக்கும் பகிரவும்.

"முடிஞ்சிட்டா மேடம்?"

"முடிஞ்சிட்டு."

"படிச்சவங்க எழுதுனதுதான்" என்றார். "எவனோ வேலை இல்லாதவன்னு நெனச்சேன்."

நான் நிமிர்ந்தபோது பாக்கியம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். போன் அணைந்து கிடந்தது. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், திறக்க ரகசிய எண் கேட்டது.

பாக்கியம் என் கையிலிருந்து போனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "வாங்க" என்று அவர் கையைப் பிடித்தார்.

"மேடத்துக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாறேன்" என்றார் அருளப்பன்.

"வேண்டாம். வாங்க."

சன்னலில் நின்று பார்த்தேன். படி இறங்கி இடப்பக்கம் திரும்பினார்கள். அவர்கள் ஊருக்குப் பஸ் வலப்பக்கம்தான் நிற்கும். இடப்பக்கம் போனால் காவல் நிலையம். அதற்கு முன்னால் ஒரு டீக்கடையும் இருக்கிறது. டீ குடிக்கத்தான் போயிருப்பார்கள்.